எல்லாப் புத்தகங்களும் வீடு திரும்பிய வாரம்

அந்த நூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலமாரி அக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்களில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு நடந்துபோய் எடுத்து வந்துவிடுவாள் என்று வாசகர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஒரு கண்ணை மட்டும்தான் மூடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கொடுத்த பதவி, தற்காலிக அலமாரி உதவியாளர். அன்றைக்கு வாசலில் முழங்கால் உயரம் இருந்த செடி வளர்ந்து மரமாகி, மாடி ஜன்னலை இடித்து, இரண்டு முறை கிளை வெட்டுப்பட்டு, மறுபடியும் வளர்ந்துவிட்டது. அவள் மட்டும் பத்தொன்பது வருடமாகத் தற்காலிகமாகவே இருந்தாள்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி வந்தது. ஒருவருக்கு வயிற்று வலி, ஒருவருக்குத் தலைச்சுற்றல். கடன் மேசையில் தேதி முத்திரை குத்தும் பெண் இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டே முத்திரை குத்தினாள். அவள் வேறு யாருமில்லை, அலமாரி அக்காவின் நாத்தனார்தான். "அண்ணி, அந்த மெஷின் என்னைப் பாத்து முறைக்குது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அலமாரி அக்காவுக்கு ஒரு வியாதியும் வரவில்லை. நேராக ரிப்பேர் கடைக்குப் போய், உயிர்போன கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து அடுக்களை மேடையில் வைத்தாள். எதனோடும் இணைக்காத அந்தக் கீபோர்டில் ஆறு மாதம் தினமும் சாயந்தரம் படபடவென்று தட்டினாள். பஸ் கண்டக்டரான அவள் புருஷன் வேலை முடிந்து வந்து, வாசல்படியில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"யாருக்கும்மா இவ்வளவு நீளக் கடுதாசி?"

"உங்க தங்கச்சிக்குத்தான். எல்லாமே திட்டு. நல்லவேளை, எதுவும் போய்ச் சேராது."

தலைமை நூலகர் நல்ல மனிதர். ஆனால் மூச்சு விடுவதற்கும் ஒரு அட்டவணை போட்டுக்கொள்வார். நூலகத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பதினான்கு பக்கத்தில் எட்டுக் கட்டமாக ஒரு திட்டம் எழுதி, ஊழியர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் திட்டம் சார் என்று பெயர். முதல் மூன்று கட்டம் எட்டு மாதத்தில் முடிந்தது. இழுப்பறைகளில் இருந்த விவர அட்டைகள் எல்லாம் மெஷினில் ஏறின. அவற்றில் பதினோராயிரம் அட்டைகளை அலமாரி அக்காவின் விரல்கள்தான் ஏற்றின.

மிச்சம் இருந்தது ஒரே பெரிய வேலை. ஒவ்வொரு புத்தகத்திலும் கோடு கோடாக இருக்கும் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டி, மெஷினில் அந்தப் புத்தகத்தின் விவரத்தைத் திறந்து, ஸ்டிக்கர்மேல் ஸ்கேனரைக் காட்ட வேண்டும். 'பீப்' என்றால் சேர்ந்துவிட்டது. இதற்காக நூலகத்தைப் பத்து நாள் மூடுவதாகவும், பதினோராம் நாள் மேலதிகாரி வந்து திறந்து வைப்பதாகவும் ஏற்பாடு.

அதற்கு முன்பு ஒருநாள் திட்டம் சார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேணும்னு மேல கேட்டிருக்காங்க. நிரந்தர வேலை. உங்க பேரை எழுதி வச்சிருக்கேன். பென்சிலால."

"ஏன் சார், பேனாவுல மை தீந்துடுச்சா?"

"திறப்பு விழா அன்னைக்கு ஒரு புத்தகம்கூட விடுபடாம மெஷின்ல இருக்கணும். இல்லேன்னா தலைமை அலுவலகத்துலேருந்தே ஒருத்தரை அனுப்பிடுவாங்க. அவர் பெட்டிகூடக் கட்டிட்டாராம்."

"பிரிக்கச் சொல்லிடுங்க சார். துணியெல்லாம் கசங்கிப்போகும்."

வாய் அப்படிச் சொன்னாலும், அன்றைக்குப் படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து ஒரு நிரந்தரம்!

திட்டத்தின் நாலாவது கட்டம் இப்படித் தொடங்கியது: 'வாசகர்களிடம் உள்ள புத்தகங்கள் அனைத்தும் திரும்பப் பெறப்படும்.' எப்படிப் பெறுவது என்று ஒரு வரியும் இல்லை. இதற்கு முன் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் மிரட்டல் நோட்டீஸ்கள். அவற்றைப் படித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்கள். இந்த முறை நான் எழுதுகிறேன் என்று அலமாரி அக்கா பேனாவை எடுத்தாள்.

'உங்களிடம் இருக்கும் நம் புத்தகத்தைச் சனிக்கிழமைக்குள் கொண்டு வாருங்கள். எத்தனை நாளாயிற்று என்று கேட்க மாட்டோம். ஏன் என்று கேட்க மாட்டோம். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம்.'

சலூன், தையல் கடை, பல் ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் அது ஏறியது. புருஷன் தயவில் ஊரில் ஓடும் ஒன்பது பஸ்ஸிலும் ஏறியது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"எங்க வழித்தடத்துல மாசப் பாஸ் வச்சிருக்கவங்க நானூறு பேரு. எல்லாரும் திங்கக்கிழமை எட்டு மணி பஸ்ஸுக்கே வந்து சேருங்கன்னு ஒருத்தர் போர்டு வச்சா என்ன ஆகும்?"

"எந்தக் கிறுக்கன் வச்சான்?"

"கிறுக்கன் இல்லம்மா. நீதான் வச்சிருக்கே."

கவளம் பாதி வழியில் நின்றது. இடது கை விரல்கள் தானாகக் கணக்குப் போட்டன. அலமாரிகளில் இருநூற்றுப் பத்துத் தட்டுகள். தட்டுக்கு அறுபது புத்தகம். பன்னிரண்டாயிரத்து அறுநூறு. நூலகத்தின் மொத்தப் புத்தகங்களோ பதினெட்டாயிரத்து நானூற்று முப்பத்தேழு. மீதி ஐயாயிரத்து எண்ணூறும் எங்கே நிற்கும்? எங்கேயும் நிற்காது. நூலகம் பிறந்த நாளிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஜனங்களின் வீட்டில்தான் குடியிருந்தது. தட்டின் ஓரத்தில் எப்போதும் நாலு விரல் இடைவெளி இருக்கும். பத்தொன்பது வருடமாக அந்த இடைவெளியில் துணி விட்டுத் துடைத்தவள், அது ஏன் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இதை நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"கண்டக்டர்கிட்ட எல்லாரும் சில்லறைதான் கேப்பாங்க. யாரு யோசனை கேக்கறா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வரிசை வளைந்து நின்றது. பையில் வந்தது, மூட்டையில் வந்தது, தள்ளுவண்டியில் வந்தது. ஒரு தாய் குழந்தை வண்டி நிறையப் புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் குழந்தையை மகாராஜா மாதிரி உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீச்சல் பழகச் சொல்லிக்கொடுக்கும் புத்தகத்தை எடுத்துப்போன ஒருவர், அதை ஈரமாகவே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு அம்மாள் இரண்டு சுமையாட்களை வைத்துச் சாப்பாட்டு மேசையையே தூக்கி வந்துவிட்டாள். ஆடும் காலுக்கு அடியில் இருபத்திரண்டு வருடமாக நம் புத்தகம்தான் இருந்ததாம்.

"நான் எடுத்தா மேசை சாஞ்சிடும்மா. நீங்களே எடுத்துக்கிட்டு, மாத்துக்கு ஏதாவது வச்சுக் குடுங்க" என்றாள். அலமாரி அக்கா திட்டம் சாரின் பதினான்கு பக்கப் பிரதிகளில் ஐந்தை மடித்து வைத்துக் கொடுத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளும் வந்தார்கள். அன்றைக்கு நூலகத்து அகராதியையும் நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்களாம். அண்ணன் வரிசையின் முன்னால், தம்பி பின்னால். நடுவில் பத்துப் பேர். ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

மதியத்துக்குள் தட்டுகள் நிரம்பின. பிறகு தரை, பிறகு படிக்கட்டு, பிறகு ஜன்னல் விளிம்பு. ஆண்கள் கழிவறையில் சட்ட நூல்கள், பெண்கள் கழிவறையில் பயண நூல்கள். சாயந்தரம் திட்டம் சார் தன் அறைக்குள் இருந்தார் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பது பேச்சுக்கு. நாற்காலி போட இடமே இல்லை. மெஷின்களைப் பொருத்த வந்திருந்த இன்ஜினியர் அம்மா, ஒரு காலைப் படியிலும் இன்னொரு காலை வரலாற்றுப் பகுதியிலும் ஊன்றி நின்றாள். உள்ளே இருக்கும் புத்தகத்தை எடுக்க முன்னால் இருக்கும் ஒன்பதை நகர்த்த வேண்டும். ஒன்பதையும் வைக்க இருக்கும் ஒரே இடம், நகர்த்துகிறவர் நிற்கும் இடம். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ஒட்ட வேண்டும். அன்று முடிந்தது நூற்றுத் தொண்ணூறு.

திட்டம் சார் புத்தக மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன்மா. இதே கதின்னா, அந்த ஆளை அனுப்பச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாய் அடைத்துப்போன நாள் அவள் வாழ்க்கையில் அதுவாகத்தான் இருக்கும். நாத்தனாருக்கே பயம் வந்துவிட்டது. "அண்ணி, ஏதாவது திட்டுங்க அண்ணி. என்னையாவது திட்டுங்க" என்று கெஞ்சினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பூட்டிய கேட்டுக்கு வெளியே தையல்காரர் நின்றார். நோட்டீஸை மூன்று நாள் தாமதமாகப் படித்தவர். பதினோரு புத்தகங்களைக் கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துவிட்டு, போகாமல் அப்படியே நின்றார்.

"என்னண்ணே?"

"கையை வீசிட்டு எப்படிம்மா போறது? பதினொண்ணு குடுத்திருக்கேன். ஒண்ணாவது குடு. தையல் மெஷின் ஓடாத நேரத்துல நான் என்ன, செவுத்தைப் பாத்துக்கிட்டா உக்காரட்டும்?"

"மூடியிருக்குண்ணே."

"எது மூடியிருக்கு? வழிஞ்சிட்டிருக்கு!"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் விளிம்பிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தாள். தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகம். ஸ்டிக்கர் ஒட்டி, விவரத்தைத் திறந்து, ஸ்கேனரைக் காட்டினாள். பீப். கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். தையல்காரர் வாங்கிப் பிரித்துப் படித்துக்கொண்டே தெருவைக் கடந்தார்.

ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமையிலிருந்து அந்தக் கட்டடத்தில் காலியான முதல் இடம்.

அவள் படிக்கட்டில் புத்தகங்களைத் தாண்டித் தாண்டித் திட்டம் சாரின் அறைக்கு ஓடினாள்.

"சார், வாசகர்களை வரச் சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்வோம். வெளியே போற புத்தகத்துக்கு வாசல்லயே ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாம்."

"இப்பத்தானே கொண்டாந்து குடுத்தாங்க? கடன் குடுக்கறது எட்டாவது கட்டம்மா. நாம நாலுல நிக்கறோம்."

"நாலையும் எட்டையும் சேத்துச் செய்வோம் சார்."

"அப்போ அஞ்சு, ஆறு, ஏழு?"

"அதெல்லாம் கூட்டம் போடற கட்டம் சார். அப்புறமா நிதானமாப் போட்டுக்கலாம்."

திட்டம் சார் படிக்கட்டில் நின்ற இன்ஜினியர் அம்மாவைப் பார்த்தார். அவள் வரலாற்று நூல்கள் சிலவற்றை ஒதுக்கி முகத்தை வெளியே காட்டினாள்.

"மெஷினுக்குப் புத்தகம் அலமாரியில இருந்தாலும் ஒண்ணுதான், யார் வீட்டுக் கட்டில்ல இருந்தாலும் ஒண்ணுதான் சார். நம்பர் ஏறணும், யார்கிட்ட இருக்குன்னு தெரியணும். வர்றவங்களுக்குப் புது உறுப்பினர் அட்டையையும் அங்கேயே குடுத்துட்டா, அடுத்த மாச வேலையும் முடிஞ்சிடும்."

திட்டம் சாருக்கு யோசிக்க வேண்டுமென்றால் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். எழுந்து ஒரு அடி வைத்தார். அடுத்த அடிக்கு இடமில்லை. நின்றபடியே ஐந்து நிமிடம் தவித்துவிட்டுச் சொன்னார்.

"சரி. முதல்ல என் அறையிலேருந்து ஆரம்பிங்க."

இரண்டாவது நோட்டீஸ் பத்து மணிக்குத் தயார். 'வாருங்கள், எடுத்துப் போங்கள். ஒருவருக்கு இருபது. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். பிடித்ததாகப் பொறுக்கி எடுப்பது பிறகு.' கண்டக்டர் மத்தியானம் போன் செய்தார்.

"சனிக்கிழமை கொண்டா, செவ்வாய்க்கிழமை கொண்டுபோ. உங்க வீட்டம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பஸ் பூராக் கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கல்யாணம் ஆனதுலேருந்து நானும் அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்னு சொன்னேன்."

நாலு மேசைகள் வாசலுக்கு வந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் ஒட்ட, ஒருவர் ஸ்கேனர் பிடித்தார். ஆள் போதாமல் நாத்தனார் கையிலும் ஒரு ஸ்கேனரைத் திணித்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் புத்தகத்தில் காட்டினாள். பீப். ஒரு கண்ணைத் திறந்தாள். இரண்டாவது பீப். பத்தாவது புத்தகத்துக்குப் பிறகு அதைப் பக்கத்து ஆள் கேட்டும் தரவில்லை.

"அண்ணி, முத்திரையைவிட இது எவ்வளவோ தேவலை. கை வலியே இல்ல. என்ன, யார் மேலயாவது கோபம் வந்தா ஓங்கிக் குத்த முடியாது. அது ஒண்ணுதான் குறை."

"அதுக்குத்தான் வீட்ல உன் புருஷன் இருக்காரே."

வரிசை சலூனைத் தாண்டிப் பல் ஆஸ்பத்திரியைத் தொட்டது. பல் வலிக்கு வந்த இரண்டு பேர் வரிசை மாறி நின்று, வலியை மறந்து, நாற்பது புத்தகத்தோடு வீடு போனார்கள். வாசல் பக்கம் இருந்ததை எடுக்க வேண்டும் என்ற விதியால் வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு மல்யுத்தப் பிடிகள் கிடைத்தது. மல்யுத்தம் பழகும் தடியருக்குக் கைக்குழந்தை வளர்ப்பு. அவர் முகம் சுளிக்கவில்லை. "வயித்துவலிக்கு என்ன பண்றதுன்னு போட்டிருக்கு, எனக்கும் ஆகும்" என்று வாங்கிக்கொண்டார்.

செவ்வாய் சாயந்தரம் கணக்குப் பார்த்தபோது இரண்டாயிரத்து நூற்று ஆறு. திட்டம் சார் பாதி எழுதியிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். கிழித்ததைப் போடக் குப்பைத்தொட்டி தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை அகராதியின் முறை வந்தது. மெஷினில் ஒரு நம்பர், மேசையில் இரண்டு துண்டு. "ரெண்டு ஸ்டிக்கரா?" என்று நாத்தனார் கேட்டாள். "ஒரு அகராதிக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, அலமாரி அக்கா பைண்டரிடம் கொடுத்து இரண்டையும் சேர்த்துத் தைக்கச் சொன்னாள். இனிமேல் அகராதியை வீட்டுக்குத் தருவதில்லை என்று புது விதியும் போட்டாள். ஆகவே அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தாலும், தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் இரண்டு பேரும் அதே மேசைக்கு வந்தாக வேண்டும். சனிக்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது. ஒன்பது வருடம் கழித்து வாயைத் திறந்ததும் சண்டைதான் போட்டார்கள். இருந்தாலும் என்ன, அதுவும் பேச்சுத்தானே.

வார முடிவில் தரை தெரிந்தது. பிறகு அலமாரிகளில் நிதானமாக நின்ற புத்தகங்கள் வரிசையாக ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டன. பத்தாம் நாள் மாலை மெஷின் கணக்குச் சொன்னது: பதினெட்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு.

ஒன்று குறைந்தது.

ஒரு புத்தகம்கூட விடுபடக் கூடாது என்பதுதானே பேச்சு? இன்ஜினியர் அம்மா, ஸ்டிக்கர் ஏறாத அந்த ஒரு தலைப்பைத் திரையில் கொண்டுவந்தாள். நூலக மாற்றத்துக்குத் திட்டம் தீட்டுவது பற்றிய ஒரு கைந்நூல். நாத்தனாரோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பித் திட்டம் சாரைப் பார்த்தார்கள். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார்.

"மூணு வருஷமா... ஆராய்ச்சிக்காக வச்சிருந்தேன்."

"ஆராய்ச்சி முடிஞ்சுதா சார்?" என்று அலமாரி அக்கா மரியாதையாகக் கேட்டு, அவர் கையில் இருக்கும்போதே ஸ்டிக்கரை ஒட்டினாள். பீப்.

மறுநாள் மேலதிகாரி அம்மா வந்தார். ரிப்பனை வெட்டினார். அரை மணி நேரம் பேசினார். பிறகு உள்ளே நுழைந்து அலமாரிகளைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. ஒவ்வொரு தட்டிலும் இடைவெளி. சில தட்டுகளில் ஒரு பூனை கால் நீட்டிப் படுக்கலாம்.

"புத்தகமெல்லாம் எங்க?"

திட்டம் சார் தன் திட்டப் பிரதியைப் புரட்டினார். இந்தக் கேள்விக்குப் பதினான்கு பக்கத்தில் பதில் இல்லை. அலமாரி அக்கா திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள்.

"எதை வேணும்னாலும் கேளுங்கம்மா. எங்க இருக்குன்னு சொல்றேன்."

"வீட்டுத் தோட்டம் பத்தி ஏதாவது?"

விரல்கள் நாலு முறை தட்டின.

"மூணு இருக்கும்மா. ஒண்ணு உங்க பின்னாடி இருக்கற தட்டுல. ஒண்ணு சலூன்காரர் வீட்டுல, பதினெட்டாம் தேதி திரும்பி வரும். இன்னொண்ணு..." அவள் ஒரு கணம் திரையை உற்றுப் பார்த்தாள். "இன்னொண்ணு உங்க கார் டிரைவர்கிட்ட."

"என் டிரைவரா? அவர் எப்போ எடுத்தார்?"

"நீங்க பேசிட்டிருக்கும்போதும்மா. உறுப்பினர் அட்டை வாங்கி, புத்தகம் எடுத்து, கார்ல உக்காந்து எட்டு பக்கம் படிச்சிருப்பார்."

அந்த அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டிரைவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்ததில் கூட வந்தவர்களும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

"உங்க பதவி என்ன?"

"தற்காலிக அலமாரி உதவியாளர்ம்மா."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

"எங்க அலுவலகத்துல நிரந்தரமானதுன்னு சொல்றது எதுவும் இவ்வளவு நாள் நீடிச்சதில்ல" என்றார் அந்த அம்மாள். நியமனக் கோப்பை அங்கேயே கேட்டு வாங்கினார். மேசையெல்லாம் மெஷினும் புத்தகமுமாக இருந்ததால் நாத்தனாரை முதுகைத் திருப்பச் சொல்லி, அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் கூச்சத்தில் நெளிந்ததில் கையெழுத்தின் வால் சற்று நீண்டுவிட்டது. இருந்தாலும் செல்லும்.

உத்தரவை அலமாரி அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர், நிரந்தரம். ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். மூன்றாம் முறை எழுத்துக்கள் கலங்கித் தெரிந்தன. மேசைக்கு முன்னால் கையில் குடையோடு வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

"ஏம்மா, அந்த ஒரு பக்கத்தை எத்தனை தடவை படிப்பே? நான் இந்த முந்நூறு பக்கத்தைச் சாயந்தரத்துக்குள்ள முடிச்சாகணும். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முன்னாடி முடிச்சுட்டுக் கதையைச் சொல்லிடுவா."

"எங்க, குடுங்கம்மா" என்று கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள்.